பச்சை உடம்புக்காரி: முட்டையிட்ட பச்சோந்தியைத் தேற்றுவது எப்படி

காலையில் கூண்டு விளக்கைப் போடுகிறீர்கள். நேற்று முன்தினம் வரை கொண்டைக்கடலை அடைத்த பை மாதிரி புடைத்திருந்த வயிறு ஒட்டிப்போயிருக்கிறது. விலாவில் தோல் மடிப்பு விழுந்திருக்கிறது. மூக்கு நுனியில் மண், விரல் இடுக்கில் மண். மணல் தொட்டியோ யாருமே தொடாதது போல மட்டமாகக் கிடக்கிறது. முட்டை போட்டாகிவிட்டது.

பிள்ளை பெற்றவளைப் பச்சை உடம்புக்காரி என்போம். பச்சோந்திக்கும் அந்தச் சொல் அப்படியே பொருந்தும். உடம்பில் சேர்த்து வைத்திருந்த தண்ணீர், கொழுப்பு, கால்சியம் மூன்றையும் முட்டைகளுக்குக் கொடுத்துவிட்டு, அதோடு ஓரிரு நாள் பட்டினியாக மண்ணும் தோண்டிவிட்டு வந்து நிற்கிறாள். புதிதாக வளர்ப்பவர்கள் இந்த இடத்தில் இரண்டு விதமாகத் தவறுவார்கள். முதல் சில நாட்களில் தொந்தரவு செய்யக் கூடாது என்று ஒதுங்கிப்போய்த் தண்ணீரைக் குறைத்துவிடுவார்கள். மூன்று வாரம் கழித்தும் பாவம் இளைத்துவிட்டாள் என்று வயிறு முட்ட ஊட்டிக்கொண்டே இருப்பார்கள். இரண்டில் எது ஆளைக் கொல்லும் என்று என்னைக் கேட்டால், இரண்டாவதுதான் என்பேன். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

ஒரு விஷயம். இங்கே சொல்வதெல்லாம் வெய்ல்ட் பச்சோந்தியை மனதில் வைத்து எழுதியது. ஏமனையும் சவூதி அரேபியாவின் தென்மேற்கையும் தாயகமாகக் கொண்ட, தலையில் உயரமான கொண்டை வைத்த இனம். மடகாஸ்கரின் பாந்தர் பச்சோந்திக்கும் பெரும்பாலும் இதே கணக்குதான். ஜாக்சன் பச்சோந்தி முட்டையிடாமல் குட்டி போடும். தண்ணீர், உணவு பற்றிய பகுதிகள் அதற்கும் பொருந்தும், மண் சமாச்சாரம் பொருந்தாது.

ஆணே இல்லாமல் எப்படி முட்டை என்று திகைப்பவர்கள் உண்டு. கோழி மாதிரிதான். சேவல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் முட்டை வரும், கரு இருக்காது, அவ்வளவே. ஆனால் தாயின் உடம்பு படுகிற பாடு இரண்டிலும் ஒன்றுதான்.

முதலில், உண்மையிலேயே முடிந்ததா?

இதை உறுதி செய்யாமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள். முட்டையிட்டு முடித்தவள் குழியை விட்டு வெளியே வந்து, கால்களால் மண்ணைத் தள்ளி மூடி, மேலே அழுத்தி மட்டமாக்குவாள். பிறகு கிளைக்கு ஏறிவிடுவாள். தொட்டிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். இந்த மூன்றும் நடந்திருந்தால் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளலாம்.

மூடாத குழி, மறுபடி மறுபடி தொட்டிக்கு இறங்குவது, கூண்டுத் தரையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிய முட்டைகள், விலாவுக்குக் கீழே இன்னும் உருண்டை உருண்டையாகத் தெரியும் மேடு: இவற்றில் ஏதாவது இருந்தால் உள்ளே முட்டை மிச்சம் இருக்கலாம். கிளையிலிருந்தே முட்டையை உதிர்த்துவிட்டாள் என்றால், அவளுக்குப் பிடித்த மண் கிடைக்கவில்லை என்று அர்த்தம். மீதியை அடக்கிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம்.

ஆர்வக்கோளாறில் நான் செய்த ஒரு காரியத்தை நீங்களும் செய்துவிடாதீர்கள். முதல் தடவை, குழி மூடியிருப்பது போலத் தோன்றியதுமே கரண்டியை எடுத்துக்கொண்டு தோண்டப் போனேன். அவள் பாதி வேலையில்தான் இருந்திருக்கிறாள். சுரங்கத்துக்குள்ளிருந்து மண் படிந்த முகத்தைத் திருப்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தக் குழியை அப்படியே கைவிட்டாள். வேறு மூலையில் புதிதாகத் தோண்டி முடிக்க மேலும் இரண்டு நாள் ஆயிற்று. இருந்த கொஞ்சநஞ்சத் தெம்பையும் நான்தான் பறித்தேன். அவள் கிளைக்கு ஏறி ஒரு முழு இரவு தூங்கி எழும்வரை தொட்டியைத் தொடுவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்துகொண்டேன்.

முதல் வேலை தண்ணீர்

சாப்பாட்டைப் பற்றி யோசிப்பதற்கு முன் தண்ணீர். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது வயிற்றை நிரப்பினால் செரிமானம் சரியாக நடக்காது.

கிண்ணத்தில் வைத்த தண்ணீரைப் பச்சோந்தி பெரும்பாலும் கண்டுகொள்ளாது. இலையில் உருளும் துளியைத்தான் நக்கும். அதனால் தெளிப்பானில் வெதுவெதுப்பான தண்ணீரை நிரப்பி, அவளைச் சுற்றியுள்ள இலைகளில் மெல்லிய தூறலாகப் பிடியுங்கள். நேராக முகத்தில் பீய்ச்ச வேண்டாம். ஒரு நிமிடம் தெளித்து நிறுத்திவிட்டுப் போனால் போதாது. தூறல் தொடங்கி இரண்டு மூன்று நிமிடம் கழித்துத்தான் பல பச்சோந்திகள் குடிக்கவே ஆரம்பிக்கும். பத்து பதினைந்து நிமிடம் பொறுமையாக நில்லுங்கள். முதல் மூன்று நான்கு நாட்கள் காலையிலும் மாலையிலும் இப்படிச் செய்யுங்கள். இடைப்பட்ட நேரத்துக்கு, அடியில் ஊசித்துளை போட்ட ஒரு டம்ளரைக் கூண்டின் மேல் வைத்தால் போதும். சொட்டுச் சொட்டாக ஓர் இலையில் விழுந்துகொண்டே இருக்கும். அடுத்த தூறலுக்குள் இலைகள் காய்ந்துவிட வேண்டும், கூண்டு எப்போதும் ஈரமாகவே இருந்தால் சளி பிடிக்கும்.

இந்த நேரத்தில் அவள் கண்ணைக் கவனியுங்கள். தூறல் பட்டதும் கண்ணை மூடிக்கொண்டு, கூம்பு மாதிரி இருக்கும் இமையை பலூன் ஊதுவது போலப் புடைக்க வைத்து, உள்ளே கண்மணியை வட்டமாகச் சுழற்றுவாள். இமையின் நடுத்துளை ஒரு பக்கமாக இழுபடும், ஓரத்தில் நீர் கோர்க்கும். முதல் முறை பார்ப்பவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். பயப்பட ஒன்றுமில்லை, தோண்டும்போது உள்ளே போன மண்ணைக் கழுவுகிறாள். சில நிமிடத்தில் கண் திறந்து பழையபடி இங்குமங்கும் சுழலும். தூறல் நின்ற பிறகும் கண் மூடியே இருந்தாலோ, ஒரு கண் மட்டும் வீங்கியே இருந்தாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும். பஞ்சால் துடைத்து எடுக்கலாம் என்று நீங்களாக இறங்காதீர்கள்.

வாயைப் பிளந்து சிரிஞ்சால் தண்ணீர் விடுவதும், தொட்டித் தண்ணீரில் உட்கார வைத்துக் குளிப்பாட்டுவதும் வேண்டாம். முதலாவதில் நுரையீரலுக்குள் தண்ணீர் போய்விடும். இரண்டாவதில், மரத்தில் வாழும் பிராணி பீதியில் உறைந்துபோகும்.

போதுமான அளவு குடித்தாளா என்பதை எச்சம் சொல்லும். கறுப்பு மலத்தோடு வரும் யூரேட் கட்டி, அதாவது கெட்டியாக வரும் சிறுநீர்க் கழிவு, வெள்ளையாக இருந்தால் நல்லது. ஓரத்தில் லேசான மஞ்சள் இருந்தால் பரவாயில்லை. முழுக்க ஆரஞ்சு நிறமாக, காய்ந்த கட்டியாக வந்தால் இன்னும் தண்ணீர் வேண்டும். முட்டையிட்ட உடனே வரும் முதல் எச்சம் கொஞ்சம் ஆரஞ்சாகத்தான் இருக்கும். அடுத்தடுத்து வருவது வெளுத்துக்கொண்டே போகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பிறகு சாப்பாடு

தண்ணீர் குடித்த அன்றைக்கோ மறுநாளோ பூச்சியைக் காட்டலாம். முதல் ஒரு வாரம் தினமும் கொடுங்கள், அவள் ஆர்வமாகச் சாப்பிடும் அளவுக்குக் கொடுங்கள். இரண்டாவது வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். அதோடு விருந்து முடிந்தது.

பூச்சியின் நீளம் அவள் தலையின் அகலத்தைத் தாண்டக் கூடாது. களைத்துப்போன உடம்பு, பெரிய பூச்சியோடு மல்லுக்கட்ட வேண்டாம். சிள்வண்டும் டூபியா கரப்பானும் அன்றாடச் சோறு. பட்டுப்புழுவும் ஹார்ன்வோர்ம் என்னும் பச்சைப் புழுவும் இந்தச் சமயத்துக்கென்றே அமைந்தவை: மெத்தென்றிருக்கும், நீர்ச்சத்து நிறைய. பிளாக் சோல்ஜர் ஈயின் புழுவில் இயற்கையாகவே கால்சியம் அதிகம். மெழுகுப்புழு வெறும் கொழுப்பு. சாப்பிட மறுப்பவளை வழிக்குக் கொண்டுவர ஒன்றிரண்டு தரலாம், அதற்கு மேல் வேண்டாம். பூச்சிகளுக்கும் ஒருநாள் முன்னதாகவே கீரை, காரட் என்று நல்ல தீனி போட்டுவையுங்கள். பட்டினி கிடந்த சிள்வண்டைத் தின்றால் அவளுக்கு ஓடுதான் மிஞ்சும்.

கால்சியத்தில்தான் பலர் குழம்புவார்கள். இரண்டு பொடிகள் வேண்டும். வைட்டமின் டி3 கலக்காத வெறும் கால்சியம் ஒன்று. இந்த இரண்டு வாரமும் ஒவ்வொரு வேளையும் இதைப் பூசுங்கள். டி3யும் வைட்டமின் ஏயும் சேர்ந்த மல்டிவைட்டமின் இன்னொன்று. அது மாதத்துக்கு இரண்டு தடவைதான். முட்டையிட்டாளே, சத்து வேண்டாமா என்று இரண்டாவதை தினமும் தூவினால் அது விஷமாகிவிடும். அந்த வைட்டமின்கள் உடம்பில் தங்கிச் சேர்பவை. பூசும் விதம் எளிது. பிளாஸ்டிக் பையில் ஒரு சிட்டிகைப் பொடியும் பூச்சிகளும் போட்டு இரண்டு குலுக்கு. மாவில் புரட்டிய பஜ்ஜி போல இருக்கக் கூடாது, பனி படிந்தது போல இருந்தால் போதும். பொடி அதிகமானால் ஒரு கடி கடித்துவிட்டுத் துப்பிவிடுவாள்.

சாப்பிடும்போது நாக்கைக் கவனியுங்கள். குறி தவறாமல் முழு நீளத்துக்குப் பாய்ந்து திரும்பினால் தசைக்குத் தேவையான கால்சியம் இரத்தத்தில் இருக்கிறது என்று நம்பலாம். பாதி தூரத்தில் தொய்ந்து விழுந்தாலோ, நாக்கை நீட்டாமல் வாயாலேயே கவ்வப் பார்த்தாலோ கால்சியம் குறைந்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

முதல் நாள் சாப்பிடவில்லை என்றால் விட்டுவிடுங்கள். வாயைத் திறந்து திணிக்காதீர்கள். ஒரு கிண்ணத்தில் நாலைந்து புழுவை நெளியவிட்டு, அவள் உட்கார்ந்திருக்கும் கிளைக்கு எதிரே வைத்துவிட்டு நீங்கள் அறையை விட்டுப் போய்விடுங்கள். நாம் பார்த்துக்கொண்டிருந்தால் சாப்பிடாத ரோஷக்காரிகள் நிறைய உண்டு. வெய்ல்ட் இனம் இலையும் கடிக்கும். மருந்து அடிக்காத செம்பருத்திச் செடி கூண்டில் இருந்தால் அதிலும் கொஞ்சம் நீர்ச்சத்து போகும்.

வெளிச்சம், சூடு, தனிமை

புற ஊதா விளக்கு 12 மணி நேரம் எரியட்டும். அது இல்லாமல் டி3 உடம்பில் உருவாகாது, டி3 இல்லாமல் நீங்கள் பூசும் கால்சியம் குடலைத் தாண்டாது. சூடு காயும் கிளையில் 27 முதல் 29 டிகிரி செல்சியஸ் போதும். இளைத்தவளுக்குக் குளிரும் என்று விளக்கின் வாட்டைக் கூட்டினால் உள்ள நீரும் வற்றும். இரவில் எல்லா விளக்கும் அணைந்து, 20 டிகிரி அளவுக்குக் குளிர்ந்து, கும்மிருட்டாக இருக்க வேண்டும்.

இரண்டு வாரத்துக்குக் கையில் எடுக்காதீர்கள். கூண்டின் மூன்று பக்கத்தை துணியால் மறைத்தால் நல்லது. ஆண் பச்சோந்தி இருந்தால் அதன் நிழல்கூட இவள் கண்ணில் படக் கூடாது. அடுத்த இணைசேர்ப்பைப் பற்றி இப்போது பேசுவதே பாவம்.

எடையை மட்டும் எப்படியாவது பாருங்கள். சமையலறைத் தராசின் மேல் ஒரு சிறு கிளையைக் கட்டி நிறுத்தி, சுழியத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, அவளாக ஏறும்படி நீட்டினால் வேலை முடிந்தது. முட்டையிட்ட மறுநாள் ஒன்று, பிறகு வாரம் ஒருமுறை. எண்ணை எழுதி வையுங்கள். மெல்ல ஏறினால் தேறுகிறாள். முதல் வாரத்துக்குப் பிறகும் இறங்கிக்கொண்டே போனால் ஏதோ சரியில்லை.

நிறத்துக்கும் பதற வேண்டாம். கருவுற்ற காலத்தில் இருந்த கரும்பச்சையும் மஞ்சள், நீலப் புள்ளிகளும் ஒரே நாளில் போய்விடாது. சில நாட்களில் மெல்ல மெல்ல வெளிர்பச்சைக்குத் திரும்புவாள்.

எப்போது மருத்துவரிடம் ஓட வேண்டும்?

பச்சோந்தி நோயை மறைக்கும் பிராணி. வெளியே தெரியும்போது நோய் முற்றியிருக்கும். அதனால் இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள்: பகலில் கண்ணை மூடித் தூங்குவது; கிளைக்கு ஏறாமல் தரையிலேயே கிடப்பது; கால் நடுங்குவது, பிடி தளர்ந்து விழுவது; கண்குழி ஆழமாக உள்வாங்கியே இருப்பது; முட்டையிட்ட பிறகும் முக்குவது; நான்கு நாள் ஆகியும் எதையும் தொடாதது.

பின்துளை வழியே இளஞ்சிவப்பாகச் சதை வெளியே தள்ளியிருந்தால் அது மணிக்கணக்கில் பார்க்க வேண்டிய அவசரம். சுத்தமான உப்புநீரில் நனைத்த துணியை அதன்மேல் போட்டு ஈரம் காயாமல் கொண்டுபோங்கள். உள்ளே தள்ள முயலாதீர்கள்.

நாய், பூனைக்கு வைத்தியம் பார்க்கும் எல்லோருக்கும் ஊர்வன பற்றித் தெரியாது. ஊர்வன பார்க்கும் மருத்துவரின் எண்ணை இப்போதே தேடி வைத்துக்கொள்ளுங்கள். அவர் எக்ஸ்ரே எடுத்து உள்ளே முட்டை மிச்சமிருக்கிறதா என்று பார்ப்பார். தேவைப்பட்டால் நீரும் கால்சியமும் ஊசி வழியே போகும், முட்டை வெளியேற மருந்தும் கொடுப்பார். அதிலும் நடக்காவிட்டால் அறுவைச் சிகிச்சை. போகும்போது முட்டைகளின் எண்ணிக்கையையும் எடைக் குறிப்பையும் கொண்டுபோனால் பாதி நோயறிதல் முடிந்த மாதிரி.

முட்டைகளை என்ன செய்வது?

எண்ணிக்கைக்காகவாவது தோண்டி எடுக்கத்தான் வேண்டும். கரண்டியால் மேல்மண்ணை விலக்கி, முட்டை தென்பட்டதும் விரலால் தொடருங்கள். பெரும்பாலும் தொட்டியின் அடியை ஒட்டிக் கொத்தாகக் கிடக்கும்.

ஆணோடு சேராதவள் என்றால் குப்பைக்குப் போகலாம். சேர்ந்திருந்து, குஞ்சு வேண்டும் என்றால், ஒவ்வொரு முட்டையின் மேல்பக்கத்திலும் பென்சிலால் புள்ளி வைத்துவிட்டு, அந்தப் புள்ளி மேலேயே இருக்கும்படி எடுங்கள். புரட்டினால் உள்ளே இருக்கும் கரு செத்துவிடலாம். பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு மட்டும் வரும் அளவுக்கு நனைத்த வெர்மிகுலைட்டை (ஈரம் பிடித்து வைக்கும் கனிமத் துகள்) மூடியுள்ள டப்பாவில் நிரப்பி, பாதி புதையும்படி இடைவெளிவிட்டு வைத்து, 24 முதல் 26 டிகிரி இருக்கும் இருட்டான அலமாரியில் வையுங்கள். வெய்ல்ட் முட்டை பொரிய ஆறு முதல் ஒன்பது மாதம் ஆகும். கரு இல்லாதவை மஞ்சளாகிச் சுருங்கிப் பூஞ்சை பிடித்துவிடும். ஆசைப்படும் முன் ஒரு கணக்குப் போடுங்கள்: 40 முட்டை பொரிந்தால், சில மாதத்தில் 40 தனித்தனிக் கூண்டு. அது முடியாது என்றால், எடுத்த அன்றைக்கே ஃப்ரீசரில் வைத்துவிட்டுப் பிறகு அப்புறப்படுத்துவதுதான் நேர்மை.

மூன்றாவது வாரம்: கையை இழுத்துப் பிடியுங்கள்

முன்பு தள்ளிவைத்த காரணம் இதுதான். வெய்ல்ட் பெண்ணின் உடம்பு, கிடைக்கும் தீனியையும் சூட்டையும் பார்த்துத்தான் அடுத்த ஈட்டில் எத்தனை முட்டை என்று முடிவு செய்கிறது. வயிறு நிறையத் தின்று, சூடாக இருந்தவள் 60, 80 என்று போடுவாள். அளவாக வளர்ந்தவள் இருபதோடு நிறுத்திக்கொள்வாள், சிலசமயம் போடாமலே இருந்துவிடுவாள். பெரிய ஈடுகள் அடுத்தடுத்து வந்தால் எந்த உடம்பும் தாங்காது; முட்டை அடைத்துக்கொண்டு சாகும் பெண்களில் பலர் பாசத்தால் கொழுத்தவர்கள். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் முதலில், விருந்து பிறகு. இவளுக்கு விருந்து முதலில், பத்தியம் பிறகு.

எனவே எடை ஓரளவு மீண்டதும், வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு மூன்று நான்கு பூச்சி என்று இறக்குங்கள். சூடு காயும் கிளையை 27 டிகிரிக்கு மேல் போகவிடாதீர்கள். உங்களைப் பார்த்ததும் கம்பியில் தொற்றிக்கொண்டு கெஞ்சுவாள். அதற்கு மசியாதீர்கள். பாந்தருக்கு இவ்வளவு கறார் தேவையில்லை, ஆனாலும் அளவு வேண்டும்.

ஒருமுறை ஆணோடு சேர்ந்தவள் விந்தணுவை உடம்பில் சேமித்து வைத்திருப்பாள். ஆணின் முகத்தையே பார்க்காமல் மூன்று நான்கு மாதத்தில் கருவுள்ள அடுத்த ஈடு வரலாம். நாள்காட்டியில் முட்டையிட்ட தேதியிலிருந்து 90ஆம் நாளைக் குறித்து வையுங்கள்.

ஆகவே மணல் தொட்டியை வெளியே எடுத்துப் போட வேண்டாம், கூண்டிலேயே இருக்கட்டும். பழைய மண்ணைக் கொட்டிவிட்டு, கழுவிய ஆற்றுமணலைக் குறைந்தது 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நிரப்புங்கள். கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பிசைந்து, நடுவில் விரலை மணிக்கட்டு வரை இறக்கி வெளியே எடுங்கள். துளையின் சுவர் சரிந்தால் இன்னும் ஈரம் வேண்டும். அடியில் தண்ணீர் ஊறி நின்றால் ஈரம் அதிகம். துளை அப்படியே நின்றால் தொட்டி தயார்.